இருபத்து மூன்றாவது படிவம்

அத்தியாயம் 9

லிஃப்ட்காரர் காலையிலிருந்து மூன்று சட்டை மாற்றிவிட்டார். முதலாவதில் கிரீஸ் கறை. இரண்டாவதில் கறை இல்லை, ஆனால் மேல் பொத்தானும் இல்லை. மூன்றாவது, மைத்துனன் கல்யாணத்துக்கு எடுத்தது. அப்போது வயிறு இந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

"ரெண்டு மணி நேரம் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். முடியுமா?" என்றாள் மனைவி.

"மந்திரி மேடையேறுறா. நான் மூச்சே விடாம இருப்பேன்."

மந்திரி என்பது அவர்களுடைய ஒரே மகள். பொருளாதாரம், கடைசி வருஷம். கல்லூரியில் சேர்ந்த அன்றே அப்பா அவளுக்கு நிதி இலாகாவை ஒதுக்கிவிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எது தேய்ந்திருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

போன வாரம் இந்த வீட்டில் நடந்த ரகளையைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. மகளின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தங்கள் பகுதி ஜனங்கள் என்ன வேலை செய்து எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஆராய்ந்து, பெற்றோர் முன்னிலையில் வாசிக்க வேண்டும். மந்திரியும் அவள் தோழி 'கண்ணாடி'யும் எடுத்துக்கொண்டது பெரிய சலவைக் கூடம். ஆஸ்பத்திரித் துணியும் ஹோட்டல் துணியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். அங்கே சூடான இஸ்திரி உருளைக்குள் படுக்கை விரிப்புகளைச் செலுத்துவதுதான் மந்திரியின் அம்மாவுக்குப் பதினொரு வருஷ வேலை.

அழைப்பு வந்த நாளிலிருந்து அவள் "எனக்கு லீவு கிடைக்காது" என்று ஒரே பாட்டாகப் பாடினாள். லிஃப்ட்காரர் விடவில்லை. மேற்பார்வையாளருக்குத் தானே போன் போட்டுப் பேசி, பகல் பன்னிரண்டு மணி வரை லீவு வாங்கிவிட்டார். வாங்கிக் கொடுத்தவருக்கு முகமெல்லாம் பல். வாங்கிக்கொண்டவள் முகத்தில் ஈயாடவில்லை. அதையும் அவர் கவனிக்காமல் இல்லை. கூட்டத்தைக் கண்டால் கூச்சம் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து, தானே அதை ஒப்புக்கொண்டார்.

படியிறங்கும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றார். அங்கே பழைய பெயிண்ட் டப்பாவில் ஒரு செடி. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்குத் தளதளவென்றிருந்தது.

"நான் ஊத்தலை. மந்திரிக்கு இங்க ஒரு செடி இருக்கறதே தெரியாது. இது எப்படித்தான் வளருதோ!"

நாலைந்து வருஷமாக அவர் சொல்லிவரும் வசனம். "நல்ல மனுஷங்க போற வர்ற இடம், வளருது" என்பது அவள் வழக்கமான பதில். இன்றைக்கு அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள். கணுக்கால் வீங்கியிருந்ததால் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. நின்றே வேலை செய்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

கல்லூரி அரங்கில் மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுத்தன. மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தார்கள். மேடையில் மந்திரி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"கண்ணாடி எங்க?" என்றாள் மனைவி.

கண்ணாடியை இந்தக் கதையைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கும் பஸ்ஸே தெரியாது அந்தப் பெண்ணுக்கு. இவர்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவள்.

முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி திரும்பினாள். "அவளுக்கு ராத்திரியிலேர்ந்து காய்ச்சல் ஆன்ட்டி. அவ பாகத்தை எங்கிட்ட கொடுத்தனுப்பிட்டா. ரெண்டு பாகத்தையும் உங்க பொண்ணே படிச்சுடுவா."

"ரெண்டையுமா?"

மனைவி சட்டென்று எழுந்தாள். "நான் போய் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"இப்பவா? வாத்தியார் மைக்கைத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு, உக்காரு."

"ஒரு நிமிஷங்க."

"நீ போய் நின்னா அவளுக்குப் படபடப்பா இருக்கும். உக்காரும்மா!"

கையைப் பிடித்து உட்கார வைத்தார். சிரித்துக்கொண்டேதான் இழுத்தார். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. அந்த ஒரு இழுப்புக்காகத் தன்னைத்தானே எத்தனை நாள் திட்டிக்கொள்ளப் போகிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

முதலில் இரண்டு பையன்கள் இரவுக் காவலாளிகளைப் பற்றி வாசித்தார்கள். பகலில் தூங்க வேண்டியவர்கள் பகலிலும் வேறு வேலைக்குப் போகிறார்களாம். "அப்ப எப்ப தூங்குறாங்க?" என்று யாரோ கேட்க, "டியூட்டியிலதான்" என்றான் ஒருவன். அரங்கம் சிரித்தது. லிஃப்ட்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவர் தன் பாட்டிலை நீட்டி, "ஒரு வாய் குடி, வேர்க்குது பாரு" என்றார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கடைசியாக மந்திரி எழுந்தாள்.

பெற்ற பிள்ளை பேசும்போது கேட்கிறவனுக்குப் பாதி காதில் விழாது. அவருக்கும் அப்படித்தான். நாற்பத்திரண்டு பெண்கள் என்றாள். அவரவர் வீட்டாரின் படிவத்தை அவரவர் நிரப்பக்கூடாது என்பது விதி என்றாள். வீட்டில் இருப்பவர்கள் பிள்ளைகளிடம் உண்மை சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பிள்ளைகள் எழுத மாட்டார்கள் என்பது வாத்தியாரின் கணக்கு. அதனால் பாதிப் பேரைத் தானும் மீதிப் பேரைத் தோழியும் பார்த்ததாகவும், யார் பெயரும் இல்லை, எண் மட்டும்தான் என்றும் சொன்னாள். திரையில் கட்டம் கட்டமாக ஏதோ வந்தது. லிஃப்ட்காரர் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரை முழங்கையால் இடித்து, "நம்ம பொண்ணு" என்றார்.

"எங்க கேள்வித்தாள்ல பதினாலாவது கேள்விதான் முக்கியமானது" என்றாள் மந்திரி. "வேலை நேரத்துல எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறீங்க? நாற்பத்திரண்டு பேர்ல முப்பத்தொரு பேர் சொன்ன பதில், ஒரு டம்ளர், இல்லேன்னா அதுகூடக் கிடையாது. அந்தக் கூடத்துக்குள்ள நிக்கிற சூட்டுக்கு ஒரு மணி நேரத்துலயே ஒரு பாட்டில் காலியாகணும். ஏன் குடிக்கிறதில்லை? மூணு மாடிக்கும் சேர்த்துக் கீழே ஒரே ஒரு கழிவறை. சாவி மேற்பார்வையாளர் அறையில தொங்கும். நோட்டுல பேரும் நேரமும் எழுதிட்டுத்தான் எடுக்கணும். மூணாவது தடவை போனா, எல்லார் முன்னாலயும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஏன்னு கேப்பாங்க. அந்த வெட்கத்துக்குப் பயந்து தண்ணியே குடிக்கிறதில்லை."

லிஃப்ட்காரர் மனைவி பக்கம் குனிந்து, "இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே?" என்றார்.

"இதைப் போய் என்னத்தைச் சொல்றது?" என்றாள் அவள், மேடையைப் பார்த்தபடியே.

"இப்ப என் தோழி எழுதின பேட்டிகளிலிருந்து சில பகுதிகள். அவங்கவங்க சொன்ன வார்த்தையிலயே படிக்கிறேன்." மந்திரி வேறொரு கத்தைத் தாளை எடுத்தாள். அவளும் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்பது அவள் வாசிப்பில் தெரிந்தது. முதலாவது, இரண்டாவது என்று ஐந்து பேர் போனார்கள். ஒருத்திக்கு மாசம் தவறாமல் நீர்க்கடுப்பு. இன்னொருத்தி கர்ப்பமாக இருந்தபோதும் சாவி கேட்டு நின்றவள்.

"படிவம் இருபத்து மூணு. 'வீட்டுலேர்ந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டுபோவேன். அப்படியே முழுசாத் திரும்பி வரும். பாத்தா ஏன்னு கேப்பாங்க. எங்க மாடிப்படித் திருப்பத்துல ஒரு பெயிண்ட் டப்பாவுல செடி இருக்கு. தினம் அதுக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக் கதவைத் தட்டுவேன்...'"

மந்திரியின் குரல் நின்றது.

லிஃப்ட்காரருக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. யார் வீட்டுப் படியிலோ செடி, யார் வீட்டிலோ டப்பா என்றுதான் காதில் போனது. அப்புறம் காலையில் பார்த்த பெயிண்ட் டப்பா நினைவுக்கு வந்தது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் இல்லைங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "வேற யாரோ."

"மேல படிம்மா" என்றார் வாத்தியார். பிள்ளை நெகிழ்ந்துவிட்டாள் என்று அவர் நினைத்திருப்பார். மந்திரி படித்தாள். படிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. மீதி என்ன என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

"'டாக்டர் ஒரு கிட்னி சுத்தமா வேலை செய்யலைன்னுட்டாரு. இன்னொண்ணும் பாதிதானாம். ஒரு மாசத்துக்குள்ள வந்து படுக்கலைன்னா அதையும் காப்பாத்த முடியாதுன்னாரு. மகளுக்குக் கடைசிப் பரீட்சை வருது. அது முடியட்டும்னு இருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லலை. தங்கமான மனுஷன். ஆனா அவருக்கு மெஷின் கெட்டாத்தான் சரிபண்ணத் தெரியும். மனுஷங்க கெட்டுப்போனா பக்கத்துல உக்காந்து அழத்தான் தெரியும்.'"

கடைசி வரிக்கு அரங்கம் சிரித்தது. குற்றம் சொல்ல முடியாது, கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும்படித்தான் அவள் சொல்லியிருந்தாள். இருநூறு பேர் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மேடையில் மந்திரி தாளைக் கீழே வைத்தாள்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். நர்ஸ் என்று சொல்லிக்கொண்டார். "இந்த இருபத்து மூணாம் நம்பர் அம்மாவை எப்ப பேட்டி எடுத்தீங்க?"

மந்திரி தாளின் மூலையைப் பார்த்தாள். "ஏழு... ஏழு வாரம் ஆச்சுங்க."

"டாக்டர் ஒரு மாசம்தானே கெடு கொடுத்திருக்காரு. நீங்க யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"தெரியலைங்க."

"தெரியலையா?"

"எழுதி வச்சுக்கிட்டோம்" என்றாள் மந்திரி. சொன்ன பிறகு அந்த வார்த்தையைக் கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் அவசரமாகக் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள், நாற்காலிகள் கிரீச்சிட்டன. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து இடம் காலியாக இருந்தது.

அப்பாவும் மகளும் வாசல், தாழ்வாரம், பஸ் நிறுத்தம் எல்லாம் தேடினார்கள். அவள் போனுக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மந்திரிதான் சொன்னாள்: "அப்பா, பன்னெண்டு மணி வரைக்கும்தானே லீவு? அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க."

அங்கேதான் போயிருந்தாள். சலவைக் கூடத்தின் வாசலில் காவலாளி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு பத்துக்கு உள்ள போயிருக்காங்க. நாலு மணிக்கு மணியடிச்சாத்தான் வெளியே" என்றான்.

"அவசரம்யா. உடம்பு சரியில்லாதவ."

"இங்க உடம்பு சரியா இருக்கறவங்க யாரு சார்? நாலு மணி வரைக்கும் நின்னு கூட்டிட்டுப் போங்க."

லிஃப்ட்காரர் கெஞ்சினார், அதட்டினார், மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். லீவு கேட்டபோது முதல் மணியிலேயே எடுத்த மனுஷன் இப்போது எடுக்கவில்லை. மந்திரி தள்ளிப் போய் எதிர்ப்புறச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், ஆராய்ச்சித் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு. அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணச் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்து எங்கோ போயிருந்தது.

அவள் போனை நீட்டினாள். அரங்கத்துக்குள் அணைத்து வைத்திருந்த போன். காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி அனுப்பிய செய்தி இருந்தது. 'இருபத்து மூணாம் படிவத்தை மட்டும் படிக்காதே. அதை நான் விட்டுடறதா சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். ப்ளீஸ்.' அதன் கீழே மறுபடியும் மூன்று முறை 'ப்ளீஸ்'.

"ஏழு வாரமா அவளும் நானும் ஒரே மேஜையில உக்காந்து கணக்குப் போட்டோம்ப்பா. முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணுன்னு எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதுல ஒண்ணு அம்மான்னு எனக்குத் தோணவே இல்லை."

"எனக்குத் தோணுச்சா? தினம் அந்தச் செடியைப் பாத்து ஜோக் அடிச்சுக்கிட்டுப் போனவன் நான்."

"என் பரீட்சைக்காகன்னு சொன்னாங்களே. நான் கேட்டேனாப்பா? பரீட்சை முடியற வரைக்கும் இருன்னு நான் கேட்டேனா?"

லிஃப்ட்காரர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். நாலு மாடிக்குக் கீழே நின்று கம்பி உரசும் சத்தத்தைப் பிடிக்கிற காது. ஒரே கூரையின் கீழே, இரண்டடி தள்ளிப் படுத்திருந்தவள் ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததை, சூடு என்று நினைத்து ஃபேனைத் திருப்பி வைத்த மண்டை. மனைவி சொன்னது சரிதான். அவருக்கு அழத்தான் தெரிந்தது. மகள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதார்.

நாலு மணிக்கு மணி அடித்தது.

பெண்கள் வெளியே வந்தார்கள். உள்ளே இருந்த சூட்டில் முகமெல்லாம் கன்றியிருந்தது. வெளியே வந்ததும் ஒருத்தி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் மூடியைத் திருகி, மதில் சுவரோரம் சாய்த்துக் கொட்டிவிட்டுப் பேசிக்கொண்டே நடந்தாள். பின்னால் வந்தவளும் அப்படியே. அடுத்து மூன்று பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. செருப்பு மாட்டுவதுபோல அது ஒரு வழக்கம். அந்தத் தெரு முழுக்க மண்ணும் தூசியும்தான். மதிலோரம் மட்டும் வாசலிலிருந்து பத்தடிக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

மந்திரி எழுந்து நின்று அதைப் பார்த்தாள். மடியில் இருந்த கட்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

கூட்டம் மெலிந்தது. கடைசியாக வந்த ஒருத்தி லிஃப்ட்காரரைப் பார்த்ததும் ஓடி வந்தாள். மனைவிக்குப் பக்கத்து உருளையில் வேலை செய்பவள். அவள் தோளில் மனைவியின் கைப்பை.

"அண்ணே, நல்லவேளை வந்தீங்க. அக்கா மத்தியானம் வந்ததுலேர்ந்து குளிருது குளிருதுன்னாங்க. அந்த உருளைக்குப் பக்கத்துல யாருக்காவது குளிருமா? இப்ப மேல மூணாம் மாடியில உக்காந்த இடத்துலேர்ந்து எழுந்திருக்க முடியலை. கூப்பிட்டா முழிச்சுப் பாக்கறாங்க, பேச்சு வரலை."

பையை வாங்கினார். கனத்தது. உள்ளே பாட்டில் முழுசாக இருந்தது.

காவலாளி முன்னால் வந்து மறிப்பதற்குள் லிஃப்ட்காரர் குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டார். "சார், சார்!" என்று கத்தினான் அவன்.

"அவங்க வீட்டுக்காரர்தாங்க" என்றாள் உருளைக்காரி.

"சரி, அவர் போகட்டும். நீ எங்கம்மா போற? சொந்தக்காரங்க மட்டும்தான் போகலாம்."

"நான் அவங்க மக" என்றாள் மந்திரி.

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "சும்மா இரும்மா. அவங்க மகளை எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டிருக்கும். இந்த மாசத்துல ரெண்டு தடவை மேற்பார்வையாளர்கிட்ட அனுமதி வாங்கி, இங்க வந்து கையெழுத்துப் போட்டு, கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. மகள்னுதான் எழுதிச்சு. தங்கமான பொண்ணு."

மந்திரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லவில்லை. நான்தான் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

உள்ளே போய்க்கொண்டிருந்த லிஃப்ட்காரர் நின்றார். மேலே மூன்றாம் மாடியில் அவர் மனைவி பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு நொடியும் அவருக்குத் தெரிகிறது. ஆனாலும் திரும்பி வந்தார். கம்பிக்கு மேலே கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுய்யா" என்றார் காவலாளியிடம். "இவளும் மகதான்."